வலம் வந்த டிஸ்க்குகள்

ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள், திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, ரூக்ஸாரின் மேஜை மேல் ஒரு கடிதம் கிடந்தது. அப்பாதுரை கம்ப்யூட்டர் சென்டரின் லெட்டர்ஹெட், பளபளக்கும் தாள், மூலையில் மலையும் உச்சியில் தீபமும் போட்ட சின்னம். விஷயம் நாலே வரி. ‘எங்கள் ஆபரேட்டர் செல்வி எம். ரூக்ஸாரின் கவனக்குறைவால் சர்வர் பழுதடைந்து, கிரிவலப் பாதை வியாபாரிகளின் பதிவுகள் யாவும் அழிந்துவிட்டன. வருந்துகிறோம். புதிதாகப் பதிவு நடத்தப்படும்.’ அடியில், அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். தோளில் மாட்டியிருந்த பையைக்கூடக் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வாணியம்பாடிக்குப் பஸ் ஏறியவள் அவள். சித்தி மகளின் நிக்காஹ் முடித்து, ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்துதான் திருவண்ணாமலையில் இறங்கினாள். சனிக்கிழமை முழுக்க அவள் கைபட்ட ஒரே இயந்திரம் சித்தி வீட்டு மிக்ஸி. அவளுடைய எந்தக் கவனம் எங்கே குறைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

செங்கம் சாலையில், ஆசிரமம் தாண்டி, வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து தேன் போட்ட டீ குடிக்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த சென்டர். ஊரில் பாதிப்பேர் அங்கே ரெஸ்யூம் அடித்திருக்கிறார்கள். ஆனால் 2003-ஆம் வருஷம் அப்பாதுரைக்குக் கிடைத்த பெரிய வேலை வேறு. கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்களின் சங்கம் ஒரு முடிவு எடுத்தது. பத்து வருஷத்துக்கு மேல் கடை போடுகிறவர்களுக்கு இனி நம்பர் போட்ட நிரந்தர இடம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி விடியற்காலையில் வந்து கல் வைத்து, சாக்கு விரித்து, அடித்துப் பிடித்து இடம் பிடிக்கிற கூத்து இத்தோடு முடிந்தது என்றார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேர் மாடிப்படி ஏறி வந்து, கேமரா முன்னால் உட்கார்ந்து, கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டுப் போனார்கள். அத்தனை பேரையும் பதிந்தவள் ரூக்ஸார். பட்டியல் புதன்கிழமை சங்கத்தின் கைக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை பௌர்ணமி, நம்பர்படி உட்காரும் முதல் நாள்.

பட்டியல் இல்லையென்றால் பழையபடி கல்லும் சாக்கும்தான். உடம்பில் வலு உள்ளவனுக்கு நல்ல இடம், மற்றவர்களுக்குச் சாக்கடை ஓரம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனாள். அப்பாதுரை நெற்றியில் புதுக் குங்குமத்தோடு, பூஜையில் மிஞ்சிய பொரியை ஒரு கிண்ணத்திலிருந்து கொறித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, கெட்டவர் என்று சொல்லிவிட முடியாத மனிதர், ஆனால் தன் மேல் தூசு விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் சட்டையில் துடைத்துவிடுகிற சுபாவம்.

“சார், இதுல என் பேர் போட்டிருக்குது.”

“ஆமாம்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. சங்கத்துல கேக்கறாங்க, ஆபரேட்டர் கையெழுத்து வேணும்னு.”

“நான் ஊர்லயே இல்லியே சார்.”

“ஊர்ல இல்லாட்டி இன்னா, சர்வர் உன் பொறுப்புதானே? மத்தியானம் வேலூர்லேர்ந்து இன்ஜினியர் வரார். புதுசா எல்லாம் போட்டுத் தந்துடுவார். நீ போட்டுட்டுப் போ. சம்பளத்துல கையெல்லாம் வைக்க மாட்டேன், பயப்படாத.”

ரூக்ஸார் வெளியே வந்து, ஜன்னலோரம் தடுப்புக்குப் பின்னால் இருந்த சர்வரின் முன்கதவைத் திறந்தாள். திறந்ததும் பார்த்தாள். வரிசையாகச் செருகியிருந்த நான்கு டிஸ்க்குகளின் முகத்திலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வருஷா வருஷம் கதவுக்கு மேல்தான் பொட்டு விழும். அவள் பக்கத்தில் நின்று, “உள்ள வேணாம் சார், வெளியவே வைங்க” என்று சொல்லி, பூ வைப்பதற்கு அவளே ஒரு செலோடேப் துண்டைக் கிழித்துத் தருவாள். இந்த வருஷம் சொல்வதற்கு ஆள் இல்லை.

“டிஸ்க்க வெளிய எடுத்தது யாரு?”

அறையில் இருந்த இன்னொரு ஆள் செழியன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் காலத்திலிருந்து அப்பாதுரையிடம் இருப்பவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவர் திரும்பியே பார்க்காமல் இருமினார். கண்ணாடிக் கதவு திறந்தது.

“நான்தான் எடுத்தேன்,” என்றார் அப்பாதுரை. “எல்லாத்துக்கும் இதயம் அதுதான்னு நீதானே சொல்லுவ? இதயத்துக்குப் பொட்டு வைக்காம வெளித் தகரத்துக்கு வெச்சு இன்னா பிரயோஜனம்? தாம்பாளத்துல வெச்சு, துடைச்சு, பூஜை பண்ணி, திரும்ப மாட்டினேன். நாலும் நல்லா உள்ள போய் உக்காந்துச்சு.”

“அதுக்கப்புறம்தான் சார் சர்வர் வரல.”

அப்பாதுரையின் குரல் தணிந்தது. கோபத்தைவிட மோசமான தணிவு அது. “இதோ பாரு ரூக்ஸார். பூஜை பண்ணதாலதான் கெட்டுப்போச்சுன்னு வேற யாராச்சும் சொன்னா பரவால்ல. நீ சொல்லக்கூடாது. நீ சொன்னா வேற மாதிரி ஆயிடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவளுக்குக் காது மடல் சுட்டது. இதே ஊர் மத்தலாங்குளத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம் அவளுடையது. அவள் அப்பா மக்பூல் பூட்டுப் பழுது பார்க்கிறவர். இந்த ஊரில் சாவி தொலைத்தவர்கள் முதலில் தேடுகிற ஆள். கார்த்திகை தீபத்தன்று அவர்கள் வீட்டு மாடியில் ஏறி நின்று மலைத் தீபம் பார்க்காத சொந்தக்காரன் கிடையாது. ஏழு வருஷமாக இந்த ஆளிடம் வேலை செய்கிறாள், இதுவரை ஒரு நாளும் அவள் யார் வீட்டுப் பெண் என்பது சர்வர் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்ததில்லை. இன்றைக்கு ஒரு தப்பை மறைக்க அது தேவைப்பட்டதும் எடுத்துக்கொண்டார். இதைப் பொறுத்துக்கொண்டு போனால் இனி எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

“நான் சாமி மேல குத்தம் சொல்லல சார். டிஸ்க் மாட்டின ஸ்லாட் மேல சொல்றேன். கையெழுத்து போட மாட்டேன்.”

கடிதத்தைக் கொண்டுபோய் அவர் பொரிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அவர் பதில் சொல்வதற்குள் மாடிப்படியில் திமுதிமுவென்று சத்தம். அடி அண்ணாமலையில் பதினேழு வருஷமாகச் சுக்குக் காப்பி விற்கும் உண்ணாமலையும், அவளோடு நாலு பெண்களும். உண்ணாமலை வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“எங்கம்மா அந்த பாய் ஊட்டுப் பொண்ணு? இன்னாம்மா, எங்க பேரெல்லாம் அழிச்சிட்டியாமே? நேத்தே சங்கத்து போர்டுல ஒட்டி வெச்சிகீறாங்க. தருமன் சார் படிச்சிக் காட்டினாரு, உம் பேரப் போட்டு.”

ரூக்ஸார் அப்பாதுரையைப் பார்த்தாள். அவர் பொரிக் கிண்ணத்தைப் பார்த்தார். கையெழுத்துக்கு முன்னாலேயே, ஞாயிற்றுக்கிழமையே, கடிதத்தின் ஒரு நகல் சங்கச் செயலாளர் தருமனிடம் போய், அடி அண்ணாமலை போர்டில் ஏறிவிட்டது. அவள் வாணியம்பாடி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் பெயர் அங்கே நாறிக்கொண்டிருந்திருக்கிறது.

“உன்னை நம்பித்தானே ரேகை வெச்சேன்?” என்றாள் உண்ணாமலை. அது உண்மை. கரியும் அடுப்பும் தின்ற அவளுடைய கட்டைவிரலில் ரேகையே விழவில்லை. ரூக்ஸார் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, நாலாவது முயற்சியில் எடுத்தாள். “கல்லு வெச்ச எடத்துல கல்ல தூக்கிப் போட்டுட்டு ஒக்காந்தான் போன மாசம் ஒருத்தன். நம்பர் வந்துடும்னு வாய மூடிகினு வந்தேன். இப்ப நான் யாருகிட்ட போய்ச் சண்ட போடுவேன்?”

“அழிஞ்சிருக்காதுக்கா. நான் அழிக்கவும் இல்ல. உக்காருங்க, பாத்துட்டுச் சொல்றேன்.”

“பாக்காமயே எப்டிச் சொல்ற அழிஞ்சிருக்காதுன்னு?”

நல்ல கேள்வி. ரூக்ஸாருக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. ஆனால் பயத்தை அந்த அறையில் காட்டுவதாக இல்லை. ஐந்து பெண்களுக்கும் நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு, சர்வரின் திரை முன்னால் உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. ‘வால்யூம் காணப்படவில்லை. இனிஷியலைஸ் செய்யலாமா? ஆம், இல்லை.’ சனிக்கிழமை அப்பாதுரை பார்த்ததும் இதுதான், போனில் இன்ஜினியரிடம் படித்துக் காட்டியதும் இதுதான். இனிஷியலைஸ் என்றால் எழுதியதையெல்லாம் துடைத்துவிட்டு வெறும் பலகையாகத் தருவது. அந்தப் பெட்டியில் ‘ஏன் காணவில்லை’ என்று கேட்க ஒரு பொத்தான் கிடையாது. ரூக்ஸார் ‘இல்லை’யை அழுத்தி அதை மூடினாள். சர்வரின் சொந்தப் புரோகிராம்கள் தனியாக வேறொரு சின்ன டிஸ்க்கில் இருந்தன, அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை. ஆகவே கறுப்புத் திரை வந்தது, மூலையில் ஒரு கோடு மினுக்கியது. இனி பொத்தானும் படமும் கிடையாது. கேட்க வேண்டியதை எழுத்தில் கேட்க வேண்டும், தப்பில்லாமல் கேட்க வேண்டும். அவளுக்கு இந்த இடம்தான் பிடிக்கும்.

“இன்னாம்மா அது, கரண்டு போச்சா?” என்றாள் உண்ணாமலை.

“இல்லக்கா. இப்பத்தான் அது பேசப் போவுது.”

நான்கு டிஸ்க்குகளும் தனித்தனி இல்லை. நான்கும் சேர்ந்து ஒரே சேமிப்பு, அதற்குத்தான் வால்யூம் என்று பெயர். ஒரு புத்தகத்தைப் பிரித்து முதல் பக்கத்தை ஒருவரிடமும் இரண்டாம் பக்கத்தை அடுத்தவரிடமும் என்று நாலு பேருக்குப் பங்கு போட்டது மாதிரி, ஒவ்வொருவருடைய பதிவும் நான்கிலும் சிதறிக் கிடக்கும். எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருக்க வேண்டும் என்று நான்கையும் மேய்க்கும் கன்ட்ரோலர் கார்டு தன் குறிப்பில் வைத்திருக்கும். வரிசை பிசகினால் அது ஊகித்துக் கொடுக்காது. வாயை மூடிக்கொள்ளும். அந்தக் குறிப்பைக் காட்டு என்றுதான் ரூக்ஸார் கட்டளை அடித்தாள். பார்க்க மட்டும், எதையும் மாற்றாமல்.

வரிகள் விழுந்தன. அவள் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். டிஸ்க் நான்கும் ஆரோக்கியம். வால்யூம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. காரணம், இடம் மாற்றம். கீழே நாலு வரி. முதல் ஸ்லாட்டில் இருக்க வேண்டியது 41-இல் முடியும் எண்ணுள்ள டிஸ்க், இருப்பது 58. இரண்டாவதில் இருக்க வேண்டியது 58, இருப்பது 63. மூன்றாவதில் 63-க்குப் பதில் 97. நாலாவதில் 97-க்குப் பதில் 41.

ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் அழியவில்லை. நாலு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள், ஆளுக்கு ஓர் அறை தள்ளி.

ஆனால் உடனே கை வைக்கவில்லை. இன்னொரு தடவை தப்பாகச் செருகினால், கன்ட்ரோலர் ஒரு டிஸ்க்கைப் பழுது என்று நினைத்து, மற்றதை வைத்து அதை மறுபடி எழுதத் தொடங்கிவிடலாம். அப்போது உண்மையாகவே எல்லாம் போய்விடும். கன்ட்ரோலரின் கையேட்டைத் தேடியெடுத்துப் பக்கம் பக்கமாகப் படித்து முடித்தபோது மத்தியானம் மணி ஒன்றரை. எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு செழியனிடம் போனாள்.

“செழியண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கழட்டினப்புறம் எப்படித் திரும்ப மாட்டினாரு?”

செழியன் கண்ணாடி அறையைப் பார்த்தார். தன் கீபோர்டைப் பார்த்தார். அப்புறம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார். “தாம்பாளத்துல நடுவுல வெளக்கு. சுத்தி நாலு டிஸ்க்கு, மலையைச் சுத்தி லிங்கம் இருக்கற மாதிரி. கற்பூரம் காட்டி முடிச்சதும், வலமாத்தான் எடுக்கணும்னாரு. கெழக்காலேர்ந்து ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா எடுத்து ஒவ்வொண்ணா மாட்டினாரு. மொதல்ல கழட்டினத எந்தப் பக்கம் வெச்சோம்னு பாக்கவே இல்ல.”

ரூக்ஸாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காலையிலிருந்து முதல் தடவையாக. எண்கள் அப்படியே ஒத்துப்போயின. நான்கும் ஒழுங்காக வலம் வந்திருக்கின்றன. தொடங்கிய வாசல்தான் தப்பு.

அந்த நேரத்தில் வேலூர் இன்ஜினியர் கண்ணாயிரம் வந்து சேர்ந்தார். பஸ் தூசியும், அவசரமாகச் சாப்பிட்ட சாப்பாடும், தோளில் ஒரு தோல் பையுமாக. அப்பாதுரை எழுந்து ஓடிவந்தார்.

“வாங்க சார், வாங்க. நீங்க போன்ல சொன்ன மாதிரியே பண்ணிடுங்க. புதுசா போட்டுடுங்க.”

“எந்திரிம்மா,” என்றார் கண்ணாயிரம், ரூக்ஸாரைப் பார்த்து.

அவள் எழவில்லை. கீபோர்டை மேஜையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “சார், டிஸ்க் ஒண்ணும் போகல. இடம் மாறியிருக்கு. இதோ திரையில இருக்கு, படிச்சுப் பாருங்க. சரியா மாட்டினா வந்துடும். பத்து நிமிஷம் குடுங்க.”

“நீ எழுந்திருக்கப் போறியா இல்லியா?” என்றார் அப்பாதுரை.

“இல்ல சார்.”

“இது என் சென்டர். என் சர்வர்.”

“சர்வர் உங்களுது சார். உள்ள இருக்கற ஆயிரத்து நூத்தி நாப்பத்தி மூணு பேரு உங்களுது இல்ல. துடைக்கணும்னா என்னைத் தூக்கிப் போட்டுட்டு நீங்களே இந்த கீபோர்டுல அடிங்க. இவங்க அஞ்சு பேரு முன்னாடி அடிங்க. நான் நவுர மாட்டேன்.”

உண்ணாமலைக்குத் திரையில் இருந்தது ஓரெழுத்தும் புரியவில்லை, ஆனால் யார் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து ரூக்ஸாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

“பத்து நிமிசம் கேக்குது பொண்ணு,” என்றாள். “குடேன்யா. மூட்டையா கட்டிகினு போவப் போவுது?”

கண்ணாயிரம் குனிந்து திரையைப் படித்தார். இரண்டாம் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “சார், போன்ல நீங்க டிஸ்க்கக் கழட்டினதாச் சொல்லவே இல்லியே,” என்று அப்பாதுரையிடம் சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “எனக்கு அஞ்சு மணிக்குத்தான் பஸ்ஸு. பண்ணட்டும்.”

ரூக்ஸார் சர்வரை முறைப்படி நிறுத்தினாள். மின்விசிறிச் சத்தம் அடங்கியதும் நான்கு டிஸ்க்குகளையும் வெளியே எடுத்து, பக்கவாட்டில் ஒட்டியிருந்த எண்ணைத் தாளில் உள்ள எண்ணோடு சரிபார்த்து, மேஜைமேல் வரிசையாக வைத்தாள். சந்தனப் பொட்டைத் துடைக்கவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. 41 முதல் ஸ்லாட்டில், 58 இரண்டில், 63 மூன்றில், 97 நாலில். ஒவ்வொன்றும் உள்ளே போய் ‘டக்’கென்று உட்கார்ந்தது. சனிக்கிழமையும் இதே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும் என்ற நினைப்பு வந்ததும் எண்களை இன்னொரு தடவை சரிபார்த்தாள். சுவிட்சைப் போட்டாள்.

சர்வர் எழுந்திருக்க நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷமும் கீழே டீக்கடையில் யாரோ இங்கிலீஷில் சிரிப்பது மட்டும் கேட்டது. உண்ணாமலை வடக்கே ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரூக்ஸாரும் மனசுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

கறுப்புத் திரை வந்தது. சாம்பல் பெட்டி வரவில்லை. அதே கட்டளையை மறுபடி அடித்தாள். நாலு வரியிலும் இருக்க வேண்டியதும் இருப்பதும் ஒன்றாக இருந்தன. வால்யூம், தயார்.

அடுத்துச் செய்ததை அவள் யாரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. வால்யூமின் அமைப்பில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றினாள், படிக்கலாம், எழுத முடியாது என்று. அப்புறம்தான் திறந்தாள். பதிவுகள் எத்தனை என்று கேட்டாள். 1143. எண் 806-ஐத் திறந்தாள். திரையில் உண்ணாமலை, மூக்குத்தி மின்ன, கேமராவைச் சந்தேகமாக முறைத்தபடி.

“ஐய, இது இன்னா என் மூஞ்சி இப்டி கீது?” என்றாள் உண்ணாமலை. சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். கூட வந்த பெண்கள் தங்கள் தங்கள் எண்ணைச் சொல்லி மேஜையை மொய்த்துக்கொண்டார்கள். கண்ணாயிரம், “நான் வந்ததுக்கு ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுங்க” என்று அப்பாதுரையைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பாதுரையும் சிரித்தார். நிஜமாகவே அவருக்கு நிம்மதிதான். அறைக்குள் போய், கையெழுத்தில்லாத கடிதத்தை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்க நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். “அவ்ளோதான்! எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ரூக்ஸார் கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியாதா? லிஸ்ட்ட ப்ரின்ட் போடும்மா.”

“போர்டுல ஒட்டியிருக்கறது சார்?”

“அத நான் தருமனுக்கு போன் பண்ணிச் சொல்லிக்கறேன்.”

“இன்னான்னு சொல்லுவீங்க?”

“ரிப்பேர் ஆயிருந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு.”

“யாரால ரிப்பேர் ஆச்சுன்னு சொல்லுவீங்க?”

அப்பாதுரையின் சிரிப்பு பாதியில் நின்றது. “ஏம்மா, அதான் டேட்டா வந்துடுச்சில்ல?”

“டேட்டா வந்துடுச்சு சார். என் பேரு வரலியே.”

ரூக்ஸார் திரும்பி, இன்னொரு கட்டளை அடித்தாள். கன்ட்ரோலர் தனக்கு நடந்ததையெல்லாம் நேரம் குறித்து வைத்திருக்கும், அதைக் காட்டு என்று. காட்டியது. பழைய பிரின்டர் கர்புர்ரென்று அதை அச்சடிக்கத் தொடங்கியது. அதன் பின்னாலேயே பட்டியல், இரண்டு பிரதி.

“இதக் கொண்டுபோய் இன்னா பண்ணப் போற?” என்றார் அப்பாதுரை.

“அங்கயே ஒட்டப் போறேன்.”

“ரூக்ஸார், ஊர்ல எனக்கு ஒரு மரியாதை இருக்குது.”

“எனக்கும் இருந்துச்சு சார், நேத்து வரைக்கும்.”

“இந்தப் படி எறங்கினா திரும்பி ஏற வேணாம். சொல்லிட்டேன்.”

ஏழு வருஷ வேலை. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி இரண்டு தங்கைகள் படிக்கிறார்கள். அது அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் இப்போது உட்கார்ந்துவிட்டால், போர்டில் இருப்பது உண்மையாகிவிடும். நாளைக்கு இந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும், எல்லாத்தையும் அழித்தாளே அந்தப் பெண் என்பார்கள்.

“சரி சார்,” என்றாள். “ஒரு பிரதி லிஸ்ட் செழியண்ணன்கிட்ட இருக்குது. சர்வர்ல எல்லாம் படிக்கலாம், ஆனா புதன்கிழமை சங்கத்துக்குப் போற வரைக்கும் யாரும் ஒரு எழுத்து மாத்த முடியாது. பூட்டி வெச்சிருக்கேன். திறக்கணும்னா கண்ணாயிரம் சாருக்கு வழி தெரியும், நான் சொல்லித் தரணும்னு இல்ல. ஆனா பாத்தவங்க இத்தன பேரு இருக்காங்க.”

அச்சடித்த தாளையும் பட்டியலின் இன்னொரு பிரதியையும் எடுத்துக்கொண்டு தோள்பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் செழியன் நின்றிருந்தார். மேஜையிலிருந்த பசைப் புட்டியை அவள் கையில் திணித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

ஆறு பெண்களும் ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து கிரிவலப் பாதையில் திரும்பி அடி அண்ணாமலை வந்து இறங்கினார்கள். கோயில் திருப்பத்தில், டீக்கடைக்கு எதிரில் சங்கத்து போர்டு. அப்பாதுரையின் பளபளத் தாள் நடுவில் இருந்தது, நாலு மூலையிலும் ஆணி அடித்து. அதற்குக் கீழே யாரோ பேனாவால் அவளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருந்தார்கள். நல்ல வார்த்தை இல்லை. ரூக்ஸார் அதை முழுசாகப் படித்தாள். பிறகு பசையைத் தடவி, தன் தாளை அதன் பக்கத்தில் ஒட்டினாள். மறைக்காமல், ஒட்டினாற்போல் பக்கத்தில்.

கூட்டம் சேர அதிக நேரம் ஆகவில்லை. உண்ணாமலையின் வாய் இருக்கும்போது தண்டோரா எதற்கு? சங்கச் செயலாளர் தருமனும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். தாள் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக இருந்ததைப் பார்த்து, “இன்னாம்மா இது?” என்றார்.

“மெஷின் எழுதி வெச்சிருந்தது சார். நான் படிக்கறேன்.” எல்லோருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். “அக்டோபர் நாலு, சனிக்கிழமை, காலைல பத்து நாப்பத்திரண்டு. முதல் டிஸ்க்கைக் கழட்டினாங்க. பத்து நாப்பத்திமூணு, ரெண்டாவது. அதே பத்து நாப்பத்திமூணு, மூணாவது. நாப்பத்திநாலு, நாலாவது. பதினொண்ணு இருபது, நாலையும் இடம் மாத்தி மாட்டினாங்க. வால்யூம் நின்னுடுச்சு. அக்டோபர் ஆறு, இன்னிக்கு, மத்தியானம் ரெண்டு பத்து. நாலையும் சரியான இடத்துல மாட்டினாங்க. வால்யூம் தயார். ஒரு பதிவுகூட அழியல. இதோ லிஸ்ட்டு, எண்ணிப் பாத்துக்கோங்க.”

தருமன் பட்டியலை வாங்கிப் புரட்டினார். கூட்டத்தில் தங்கள் பெயரைத் தேடி ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள்.

“சனிக்கெழம கழட்டினது யாருன்னு இதுல இல்லியே?” என்றார் தருமன்.

“மெஷினுக்கு ஆள் பேரு தெரியாது சார். எனக்குத் தெரியும். அப்பாதுரை சார் கழட்டினாரு, பூஜைக்கு. கெட்ட எண்ணத்துல இல்ல, தெரியாமப் பண்ணாரு. தெரியாமப் பண்ணதுக்கு எனக்குக் கோவம் இல்ல. தெரிஞ்சே என் பேரைப் போட்டாரு பாருங்க, அதுக்குத்தான் வந்தேன்.”

தருமன் கொஞ்ச நேரம் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், நியாயத்தைத் தீர்த்துவிட்டவர் போல, அப்பாதுரையின் கடிதத்தின் ஒரு மூலையைப் பிடித்து ஆணியிலிருந்து இழுக்கப் போனார்.

“எடுக்காதீங்க சார்,” என்றாள் ரூக்ஸார்.

“ஏம்மா? பொய்யின்னு ஆயிடுச்சில்ல?”

“அதனாலதான். வெள்ளிக்கெழம பௌர்ணமி. இந்த வழியா லட்சம் பேர் நடப்பாங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும், ரெண்டையும் படிச்சுட்டுப் போகட்டும்.”

தருமன் கையை எடுத்துக்கொண்டார். உண்ணாமலை டீக்கடையிலிருந்து நாலு ஆணியும் ஒரு கல்லும் வாங்கிவந்து, ரூக்ஸாரின் தாளுக்கும் நாலு மூலையிலும் அடித்தாள்.